குற்றாலத்தில் குளித்த தண்ணீரைத் தேடி இலஞ்சிக்கு

குற்றாலத்துக்கு எல்லோரும் குளிக்கப் போவார்கள். குளித்து முடித்த தண்ணீர் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக நான் இந்த ஆனி மாதக் கடைசியில் போனேன். சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று நாள் பயணம்.

காரணம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மதுரையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் போர்வெல் இரண்டும் கோடையில் காற்றைத்தான் தள்ளும். லாரி வந்தால்தான் குழாயில் தண்ணீர். அதே நேரம் குளியலறைத் தண்ணீர் முழுவதும் காம்பவுண்டைத் தாண்டி நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். சங்கச் செயலாளர் வேலையை யாரும் ஏற்காததால் என் தலையில் கட்டியிருந்தார்கள். குளித்த தண்ணீரைச் சுத்தம் செய்து தோட்டத்துக்கு விடலாமே என்று கூட்டத்தில் சொன்னேன். சிரித்தார்கள். "எங்கயாவது ஓடுறதைப் பாத்துட்டு வந்து சொல்லுங்க மேடம்" என்றார் ஒருவர். கிண்டலாகத்தான் சொன்னார். நான் அன்று ராத்திரியே ஜன்னத்துக்கு போன் செய்துவிட்டேன்.

ஜன்னத்தை இரண்டு வருடங்களுக்கு முன் மதுரையில் ஒரு நீர் மேலாண்மைப் பயிற்சியில் பார்த்தேன். பக்கத்து நாற்காலி, அப்படியே பழக்கம். சொந்த ஊர் செங்கோட்டை பக்கம் வடகரை. கணவர் ஷார்ஜாவில் வேலை. குற்றாலத்து விடுதிகளில் குளித்து வெளியேறும் தண்ணீரைச் செடிகளையும் கல்லையும் வைத்துச் சுத்தம் செய்து தென்னைக்குப் பாய்ச்சுவதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சியில் ஒரு சின்ன விடுதியின் பின்புறம் அதைக் கட்டி ஓடவிட்டிருந்தாள்.

"சனிக்கிழமையே வந்துருங்க அக்கா. சீசன் கூட்டத்தை அது தாங்குதான்னு அன்னைக்குத்தான் தெரியும். திங்கக்கிழமை எங்க காலேஜ்ல இருந்து குழு வருது. தொடரணுமா, மூடணுமான்னு அவங்கதான் சொல்லணும்" என்றாள்.

மதுரையிலிருந்து செங்கோட்டை பாசஞ்சர் காலை ஏழு மணியை ஒட்டிக் கிளம்பும். டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். முன்பதிவு கிடையாது என்பதால் சீசன் சனிக்கிழமையில் அரைமணி நேரம் முன்பே போய் ஜன்னலைப் பிடித்துவிடுங்கள், வலது பக்கம் கிடைத்தால் நல்லது. ராஜபாளையம் தாண்டியதும் மலை கூடவே வர ஆரம்பிக்கும். கடையநல்லூரில் ஜன்னல் வழியாகச் சாரல் முகத்தில் அடித்தது. பெட்டியில் இருந்த பாதிப்பேர் அப்போதே தலையில் எண்ணெய் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த எண்ணெயைப் பற்றி அப்போது நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

தென்காசியில் இறங்கும்போது பத்தரை தாண்டியிருந்தது. குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் அன்று பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. இலஞ்சிக்கு இருநூறு ரூபாய் என்று ஒரு ஆட்டோ பேசிக்கொண்டேன்.

"மெயின் அருவில தண்ணி நல்லா விழுது. ஒரு குளி போட்டுட்டுப் போறியளா? நிக்கேன்" என்றார் டிரைவர்.

"குளிக்க வரலண்ணே. லாட்ஜ்ல குளிச்ச தண்ணி எங்க போகுதுன்னு பாக்க வந்தேன்."

கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். "அதுக்கு மதுரையில இருந்தா வாறிய?" என்றவர் இலஞ்சிப் பாதையில் வண்டியைத் திருப்பினார்.

விடுதி தென்னந்தோப்புக்கு நடுவே இருந்தது. எட்டு அறைகள். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்த சண்முகையா அண்ணாச்சி கட்டியது. மீசை இன்னும் ஓய்வு பெறவில்லை. தோப்புக்குத் தண்ணீர் போதாமல் மரங்கள் குரும்பையாகவே காய்களை உதிர்த்துக்கொண்டிருந்த வருடத்தில் ஜன்னத் வந்து கேட்டிருக்கிறாள், இவர் இடம் கொடுத்திருக்கிறார். "ஓசில தண்ணி வருதுன்னா கசக்குமா?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஜன்னத் என்னை நேரே பின்புறம் கூட்டிப்போனாள். நான் மனதில் பெரிய இயந்திரம் ஒன்றைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அங்கே இருந்தவை இரண்டு சிமெண்ட் தொட்டிகளும் நடுவில் ஒரு கல்வாழைப் பாத்தியும்தான். கழிப்பறைத் தண்ணீர் தனிக் குழாயில் செப்டிக் டேங்குக்குப் போய்விடும், இதில் கலக்காது. குளியலறைத் தண்ணீர் மட்டும் முதல் தொட்டிக்கு வரும். உள்ளே குறுக்குச் சுவர் வைத்திருப்பதால் எண்ணெய் மேலே மிதந்து அங்கேயே தங்கிவிடும், அடியில் இருக்கும் தண்ணீர் மட்டும் அடுத்த பக்கம் போகும். அது சரளைக் கல் நிரப்பிய பாத்திக்குள் மெதுவாக ஊர்ந்து, கல்வாழை வேர்களைத் தாண்டி, கடைசித் தொட்டியில் சேரும். அங்கிருந்து தென்னைக்கும் மாட்டுப் புல்லுக்கும் போகும்.

கடைசித் தொட்டியில் ஒரு கண்ணாடி டம்ளரை முக்கி எடுத்துக் காட்டினாள். லேசான மஞ்சள். வாடை இல்லை. நான் நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தேன். கூட்டத்தில் காட்ட இது போதும் என்று தோன்றியது. மதியமே வேலை முடிந்துவிட்ட திருப்தி எனக்கு.

பாத்திக்குக் கீழே, ஒரு சிறு வரப்பைத் தாண்டி, பிச்சித் தோட்டம். அதன் நடுவே ஒரு திறந்த கிணறு. ஒரு பெண் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். செல்லத்தாய். ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்தபின் தனியாக இந்தத் தோட்டத்தைப் பார்க்கிறார். கோயிலுக்குத் தினமும் மாலை கட்டப் பூ கொடுப்பது இவர்தான். ஜன்னத் கை காட்டினாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

"அவங்களுக்கு இது பிடிக்கல. பஞ்சாயத்து ஆபீஸ்ல மனு குடுத்திருக்காங்க" என்றாள் ஜன்னத். "கோவம் நியாயம்தான். சாக்கடைத் தண்ணில வளந்த பூன்னு ஒருத்தர் சொல்லிட்டாப் போதும், அந்தப் பூவை யாரு வாங்குவாங்க?"

மதியம் இரண்டு வேன்கள் வந்து நின்றன. விருதுநகர் பக்கத்து ஆட்கள், கல்யாண வீடு முடித்து வந்தவர்கள். எட்டு அறைகளுக்குள் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று எண்ண முடியவில்லை. அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, அருவியில் ஒரு தரம் நனைந்து, மீதி எண்ணெயோடு திரும்பி வந்தார்கள். அண்ணாச்சி விறகு பாய்லரில் வெந்நீர் போட்டு வைத்திருந்தார். ஒருவர் மாற்றி ஒருவராக ஷாம்பூ போட்டுத் தேய்த்துக் குளித்தார்கள். குழாயில் தண்ணீர் நிற்கவே இல்லை.

நாலு மணி இருக்கும். கீழேயிருந்து சத்தம் கேட்டது.

"ஏ அண்ணாச்சி! ஏட்டி ஜன்னத்து! இங்கன வந்து பாருங்க உங்க லட்சணத்தை!"

ஓடினோம். பாத்தியின் மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர் தேங்கி நுரைத்துக்கொண்டிருந்தது. தாழ்வான மூலையில் வரப்பை உடைத்துக்கொண்டு பிச்சித் தோட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வரிசைச் செடிகளின் தூரில் எண்ணெய் பளபளத்தது. ஷாம்பூ வாசனையும் அழுகல் வாடையும் சேர்ந்து அடித்தன. கிணறு அங்கிருந்து பத்தடி தூரம்.

ஜன்னத் முதல் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். வெந்நீரும் ஷாம்பூவும் சேர்ந்து எண்ணெயைக் கரைத்துவிட்டிருந்தன. அது மேலே மிதக்காமல் தண்ணீரோடு கலந்து போய், கல்லுக்குள் ஆறியதும் பசைபோல் அடைத்துக்கொண்டுவிட்டது.

"அந்தப் பக்க வால்வைத் திறந்து விடு தாயி" என்றார் அண்ணாச்சி. "ரோட்டுச் சாக்கடைக்குப் போயிரும். ராத்திரியோட கூட்டம் போயிரும். திங்கக்கிழமைக்குள்ள கழுவி விட்டுரலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது, மறைக்காமல் சொல்கிறேன்.

"சாக்கடை சிற்றாத்துக்குத்தான போகும் அண்ணாச்சி? அப்புறம் எதுக்கு இந்தத் தொட்டி, இந்தக் கல்லு, என் படிப்பு எல்லாம்? அறைக்குப் போற தண்ணிய நிறுத்துங்க."

"சீசன்ல வாடகை வாங்கிட்டு எப்படிம்மா நிறுத்துவேன்? தலையில சோப்போட ஆள் நிக்குது."

"நிறுத்துங்க அண்ணாச்சி."

அவள் குரல் உயரவே இல்லை. அண்ணாச்சி அவளைப் பார்த்தார். தோட்டத்தில் இடுப்பில் கை வைத்து நின்ற செல்லத்தாயைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று மொட்டை மாடிக்கு ஏறிப் போய் மெயின் வால்வைத் திருகிவிட்டார்.

மாடியில் கூச்சல் கிளம்பியது. தலையில் நுரையோடு ஒருவர் துண்டைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கே வந்துவிட்டார். அண்ணாச்சி அவருக்கு இரண்டு வாளித் தண்ணீர் கொடுத்துவிட்டு, அணிவகுப்புக் குரலில் மற்றவர்களுக்குச் சொன்னார். "குற்றாலத்துக்கு வந்துட்டு ரூம்லயா குளிப்பிய? மூணு கிலோமீட்டர்ல அருவி கொட்டுது. வேனைக் கிளப்புங்க. டீசல் என் கணக்கு!" ஒரு வேன் அருவிக்குப் போனது. இன்னொரு வேன்காரர்கள் சண்டை போட்டு, வாடகையைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்கள்.

தண்ணீர் வரத்து நின்றாலும் தேங்கியது வழிவது நிற்கவில்லை. செல்லத்தாய் பேசிக்கொண்டிருக்காமல் மண்வெட்டியை எடுத்தார். கிணற்றுக்கும் உடைப்புக்கும் நடுவே குறுக்காக வாய்க்கால் வெட்ட ஆரம்பித்தார். நான் வழிவதை ஒரே ஒரு போட்டோ எடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். அண்ணாச்சி தோப்பின் காய்ந்த பக்கம் ஒரு குழி தோண்டினார். நானும் ஜன்னத்தும் வாளியால் மொண்டு மொண்டு அந்தக் குழியில் ஊற்றினோம். பிறகு பாத்தியின் முதல் பகுதிச் சரளையைக் கையால் அள்ளி வெளியே போட்டோம். ஒவ்வொரு கல்லும் மெழுகு பூசியதுபோல் வழுக்கியது. இருட்டுவதற்குள் வழிவது நின்றது. கிணற்றை எட்டவில்லை.

நான்கு பேரும் வரப்பில் உட்கார்ந்தோம். செல்லத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கு விடியக்காலம் நான் பூப் பறிக்கணும். அந்த ரெண்டு வரிசையில பறிச்சு கோயிலுக்குக் குடுக்கவா, வேண்டாமா? நீ படிச்சவ. உள்ளதைச் சொல்லு."

ஒன்றும் ஆகாது, பூவுக்குத் தூரில் பட்ட தண்ணீரால் கெடுதல் இல்லை என்று ஜன்னத் சொல்லியிருக்கலாம். அது ஒருவேளை உண்மையாகக்கூட இருக்கலாம். மனு கொடுத்திருக்கும் அந்த அம்மாளிடம், திங்கட்கிழமைக்கு முன்னால், வேறென்ன சொல்லுவாள் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம்க்கா" என்றாள். "அந்த ரெண்டு வரிசையையும் விட்டுருங்க. கிணத்துத் தண்ணியையும் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புதேன். முடிவு வர்ற வரைக்கும் அதைக் குடிக்காதிய. தப்பு என் மேலதான். வெந்நீரை நான் யோசிக்கல."

செல்லத்தாய் எழுந்தார். மண்வெட்டியைக் கழுவித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ராத்திரி வடகரையில் ஜன்னத் வீட்டில் தங்கினேன். இலஞ்சியிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்தான், செங்கோட்டையில் பஸ் மாற வேண்டும். அவள் சாப்பிடவே இல்லை. ஞாயிறு காலை எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்துவிட்டு, "வாங்கக்கா, நல்லா ஓடுறது ஒண்ணையும் பாத்துருங்க" என்று பள்ளிவாசல் தென்னைகளைக் காட்டக் கூட்டிப்போனாள். தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளுத் தண்ணீரை ஒரு மணல் குழி வழியாகத் தோட்டத்துக்கு விட்டிருக்கிறார்கள். அதில் சோப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. அதனால் ஒரு மணல் குழியே போதுமாக இருக்கிறது. மரங்கள் கருகருவென்று நின்றன. மேற்கே வயல் முடியும் இடத்தில் மலை மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தது. நான் போட்டோ எடுக்க, அவள் காலால் தரையில் ஏதோ படம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றுக்குப் பதிலாக இரண்டு எண்ணெய்த் தொட்டி. நடுவில் தண்ணீர் ஆறுவதற்கு ஒரு நீளத் தொட்டி.

மதியம் செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டர் என்ற இடத்தில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டுவிட்டு (இரண்டு பேருக்கு ஐந்நூறு ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள், உட்கார இடம் கிடைக்க அரைமணி நேரம்) இலஞ்சிக்குத் திரும்பினோம். செல்லத்தாய் தோட்டத்தில் மற்ற வரிசைகளில் அரும்பு பறித்திருந்தது. அந்த இரண்டு வரிசையில் மட்டும் பறிக்காத பூ விரிந்து வாடிக் கிடந்தது.

திங்கள் காலை குழு வந்தது. மூன்று பேராசிரியர்கள். ஜன்னத் கடைசித் தொட்டிக்கு அவர்களைக் கூட்டிப்போகவில்லை. அள்ளிப்போட்ட சரளைக் குவியலுக்கு முன்னால் நிறுத்தி, சனிக்கிழமை நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். அவர்களில் மூத்தவர் ஒரு கல்லை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இதைக் கழுவி வச்சுட்டு எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே அம்மா?"

"கூப்பிட்டிருக்கலாம் சார். இதே மாதிரி அடுத்து கட்டுறவங்க வீட்டுலயும் ஒருநாள் அடைக்கும். அன்னைக்கு அவங்களுக்கு ஏன்னு தெரியாது."

அப்போது செல்லத்தாய் வரப்பேறி வந்தார். ஜன்னத் என் கையைப் பிடித்தாள்.

"நாந்தான் மனுக் குடுத்தவ" என்றார் அவர் பேராசிரியர்களிடம். "என் பூவுக்குப் பக்கத்துல இது வேண்டாம். இப்பவும் அதேதான் சொல்லுதேன். தோப்புக்கு அந்தப் பக்கம் பள்ளமா கிடக்கு, அங்கன கொண்டு போங்க. ஆனா இந்தப் பிள்ளைய வேலைய விட்டு நிறுத்திராதிய. ரோட்டுச் சாக்கடையில திறந்து விட்டுருந்தா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. ஆத்துக்குப் போயி அடுத்த ஊர்க்காரன் வயல்ல ஏறிருக்கும். இவ திறக்கல. எங்கிட்ட பூவைப் பறிக்காதன்னும் சொன்னா."

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். களை எடுக்கும் வேலை பாதியில் கிடந்தது.

குழு இன்னும் ஒரு வருடம் தொடரச் சொன்னது. பாத்தியைத் தோப்பின் மறுபக்கம் மாற்ற வேண்டும், எட்டு அறைகள் தாங்குவதற்கு மேல் கூட்டம் ஏற்றக்கூடாது என்று நிபந்தனை. அண்ணாச்சிக்கு இந்த சீசன் வருமானம் குறைந்தது, முணுமுணுத்தார். ஆனாலும் புதுத் தொட்டிக்கான பள்ளத்தை அவரே தோண்டினார். கிணற்றுத் தண்ணீரில் கெடுதல் எதுவும் இல்லை என்று பிறகு முடிவு வந்தது. செல்லத்தாய் அந்த இரண்டு வரிசைப் பூவை மட்டும் இன்றுவரை கோயிலுக்குக் கொடுக்கவில்லை. ஜன்னத்தோடு இப்போது பேசுகிறார் என்று கேள்வி.

இதுபோன்ற இடத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், இது சுற்றுலாத் தலம் அல்ல. கூட்டமில்லாத நாளில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், நெருக்கடியான ஒரு நாளையும் பாருங்கள். சுத்தம் செய்த தண்ணீரைப் பார்த்தால் மட்டும் போதாது, பக்கத்துத் தோட்டக்காரரிடமும் பேசுங்கள். பழைய செருப்பு ஒன்று கொண்டு போங்கள். உங்கள் வீட்டில் ஆரம்பிப்பதாக இருந்தால் எண்ணெய் கலக்காத, அதிகம் அழுக்கில்லாத தண்ணீரில் இருந்து ஆரம்பியுங்கள். சமையலறைத் தண்ணீரைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். திரும்பி வர செங்கோட்டையில் மாலை ரயில் இருக்கிறது. அங்கேயே ஏறினால் உட்கார்ந்து வரலாம்.

ஊருக்கு வந்ததும் சங்கக் கூட்டத்தைக் கூட்டினேன். டம்ளர் போட்டோவைக் காட்டினேன். அதற்கு அடுத்து சாம்பல் நிறத் தண்ணீர் வழியும் போட்டோவையும் காட்டினேன். கூடத்தில் முனகல். பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் எழவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேள்வி கேட்டார்கள். வெந்நீருக்கு என்ன செய்வது, எண்ணெயை யார் வழிப்பது, கொசு வருமா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில் ஏ பிளாக்கில் மட்டும் செய்து பார்க்கலாம் என்று முடிவானது.

"சரிங்க, இங்கயும் அதேபோல ஒருநாள் அடைச்சு நாறினா என்ன பண்றது?" என்று புதிதாகக் குடிவந்த ஒரு பெண் கேட்டார்.

"கண்டிப்பா ஒருநாள் அடைக்கும்" என்றேன். "அன்னைக்கு நான் இறங்கி அள்ளுவேன். கூட ரெண்டு பேர் வேணும்."

முதலில் அந்தப் பெண்ணே கையைத் தூக்கினார். வரும் புதன்கிழமை குழி தோண்ட ஆள் வருகிறது.